சன்னம் போன வழி

"ரீச்சர், இந்த ரெண்டில எதை வாங்கலாம்?"

குகதாசன் இரண்டு படங்களை மேசையில் வைத்தார். ஒன்று மரப்பிடி போட்ட துவக்கு. மற்றதற்கு பிளாஸ்டிக் பிடி. இரண்டும் மான் வேட்டைக்கானவை. ஒவ்வொரு சன்னத்துக்கும், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும், கையால் பூட்டை இழுத்துத் தள்ளவேண்டும். இரண்டுமே ஒரு பேக்கரித் தொழிலாளிக்கு எட்டக்கூடிய விலை.

மங்களேஸ்வரி, கனடாவின் வடக்கே அந்தச் சிற்றூரில் வேட்டை உரிமத்துக்கு வகுப்பெடுப்பவர். குகதாசனைவிடப் பத்து வயது இளையவர்.

"மரம் பாரம். ஆனா கை ஆடாதெண்டு சொல்லுகினம்," என்றார் குகதாசன். "மற்றது லேசு. பனியில ஊறாது. மூண்டு கிழமையா இதுதான் யோசனை. ஒரு மான் விழுந்தா குளிர்காலம் முழுக்க வீட்டில இறைச்சி."

மங்களேஸ்வரி படங்களைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு விடிய வாங்கோ அண்ணை."

விடியற்காலை இருவரும் காட்டோரம் ஒரு விழுந்த மரத்தின் பின்னால் குந்தியிருந்தார்கள். குகதாசனின் கையில் ஒரு காய்ந்த தடி. துவக்குக்குப் பதிலாக அதைத்தான் ரீச்சர் முறித்துக் கொடுத்திருந்தார்.

மான் வந்தது. ஊசியிலை மரங்களுக்கு முன்னால் நின்று தலையைத் தூக்கியது.

குகதாசன் தடியைத் தோளில் வைத்தார். மூச்சை அடக்கினார்.

"டப்," என்று வாயால் சுட்டார்.

மான் ஓடிவிட்டது.

"பட்டதோ?"

"ஓம் ரீச்சர். முன்னங்காலுக்குப் பின்னால, நெஞ்சில."

"எந்தத் துவக்கு?"

"மரப்பிடி." அவர் முகம் மலர்ந்திருந்தது. "அதையே வாங்கப்போறன்."

"கை கொஞ்சம் பிசகியிருந்தா?"

"மான் தப்பியிருக்கும்."

"சன்னம்?"

குகதாசன் அவரைப் பார்த்தார்.

"போய்ப் பாருங்கோ. மான் நிண்ட இடத்தைத் தாண்டி, நேர நடவுங்கோ."

பனியில் குளம்புத் தடங்கள் இருந்தன. அவற்றைக் கடந்து, கிளைகளை விலக்கிக்கொண்டு நடந்தார். ஐம்பது அடி போயிருப்பார். மரங்கள் முடிந்துவிட்டன.

அங்கே ஒரு வீடு இருந்தது. அது இருப்பதே அவருக்குத் தெரியாது.

முற்றத்தில் மண்ணிறக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி குனிந்து விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டு நிமிர்ந்தாள். சிரித்தாள். கையைத் தூக்கி அசைத்தாள்.

குகதாசனால் கையைத் தூக்க முடியவில்லை. தடி இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது.

திரும்பி வந்தார். பனியிலேயே குந்தி இருந்துவிட்டார். மங்களேஸ்வரி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். அவர் வாங்கவில்லை.

தடியைப் பனியில் வைத்தார்.

"ஊரில என்ர அக்கா கிணத்தில தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டவ. எங்கயிருந்தோ ஒரு சன்னம் வந்தது."

மங்களேஸ்வரி நீட்டிய தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"சுட்டவனுக்கு அது இண்டைக்கும் தெரியாது, ரீச்சர்."