சிம்பிளா ஒரு ஊற்று

“சிம்பிளா ஒரு ஊற்றுதானே தோண்டச் சொன்னோம்? அதுக்கு ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே?”

குரங்கு சொன்னதையே காட்டுப்பன்றியும் சொன்னது. மானும் சொன்னது. வறண்ட காட்டாற்றின் நடுவே நின்ற தாய் யானை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. அதன் மூஞ்சியோ தொங்கித்தான் கிடந்தது. தூக்கத் தெம்பு ஏது?

நேற்று அது தோண்டிய ஊற்றில் பன்றி இறங்கிப் புரண்டுவிட்டது. குட்டி யானை விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

“அதென்னப்பா சிம்பிள்?” என்று கேட்டது யானை.

குரங்குக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டோரத்து விடுதியில் சப்பாத்தி திருடப் போன இடத்தில் பொறுக்கி வந்த இங்கிலீஷ் அது.

“கஷ்டமே இல்லாததுன்னு அர்த்தம்! சமையல்காரம்மாகிட்ட எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. ‘சிம்பிளா ஏதாவது பண்ணுங்க’ன்னு.”

“யாருக்குக் கஷ்டம் இல்லாதது?”

“கேக்கிறவங்களுக்குத்தான்! அவங்கதானே சொல்றாங்க!”

“அந்தம்மா என்ன சொல்வாங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா வைப்பாங்க.”

“அப்போ நீயே தோண்டு!”

குரங்கு இரண்டு கையாலும் பறித்தது. பறித்த மணலெல்லாம் குழிக்குள்ளேயே சரிந்தது. பன்றி மூக்கால் முட்டியது. ஈரம் தட்டியதும் ஆவலாய் நக்கி, வாய் நிறையச் சேற்றைத் துப்பியது. “சே, இதெல்லாம் ஒரு ஊற்றா!” என்று மான் குறைபட்டுக்கொண்டது.

குட்டி வெறும் மணலை உறிஞ்சிவிட்டு இருமியது. அதற்குமேல் யானையால் வீம்பு பண்ண முடியவில்லை. முன்காலால் கொத்தியது. சரிந்த மணலை ஒதுக்கியது. ஊறிய கலங்கலை அள்ளி வெளியே கொட்டியது. மறுபடி ஊறவிட்டது. மறுபடி கொட்டியது. வெயில் சாயும்போதுதான் தெளிந்த தண்ணீர் நின்றது.

குட்டியைக் கூப்பிடத் திரும்பியது. அதற்குள் குழிக்குள் மூன்று தலைகள்!

“பாத்தியா, எவ்வளவு சிம்பிள்!” என்றது குரங்கு, தலையை நிமிர்த்தாமலே.

முட்டித் தள்ளலாம்தான். ஆனால் தன் கனத்துக்கு விளிம்பில் ஒரு கால் வைத்தாலும் குழி மூடிவிடும்.

“என் குட்டிக்கு ஒரு வாய் விடுங்களேன்” என்றது யானை.

தண்ணீர் உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நீதி: ஒரு வேலை சிம்பிளா இல்லையா என்பதை, அதைச் செய்து களைத்தவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.