வேகத்துக்குத் தடை போட்ட ராஜா

முன்னொரு காலத்தில் புன்னைவளம் என்ற ஆற்றங்கரை நாட்டை வல்லபமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நினைத்த மாத்திரத்தில் கட்டளை போடுவார். போட்டதை மறந்தும்விடுவார். மறக்காமல் நிறைவேற்றுகிறவர்கள்தான் அகப்பட்டுக்கொண்டு முழிப்பார்கள்.

ஒருநாள் அவர் ஓடத்தில் போகும்போது கரையில் மயில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "நிறுத்து!" என்று கத்தினார். ஓடக்காரர்களின் தலைவன் செவ்வந்தியான் பதறிப்போய்க் கோலை ஊன்றினான். ஓடம் சட்டென்று நின்றது. ராஜா கையிலிருந்த பாயசம் நிற்கவில்லை. புதுப் பட்டெல்லாம் வெல்லப் பிசுபிசுப்பு.

"எல்லாம் வேகத்தால் வந்த வினை, மகாராஜா!" என்றார் பல்லக்கு அதிகாரி வீரகண்டர். ராஜா பல்லக்கை விட்டு ஓடத்தில் ஏறத் தொடங்கியதிலிருந்து அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"அப்படியா? இன்றுமுதல் என் நாட்டில் எதுவும் வேகமாகப் போகக்கூடாது!" என்றார் ராஜா.

போச்சு. வைத்தியர் நடந்து வந்து சேர்வதற்குள் காய்ச்சல் சலித்துப்போய்த் தானே கிளம்பிவிட்டது. மாடு மிரண்டு ஓடினால் துரத்தக்கூடாது, பின்னாலேயே பொறுமையாக நடக்கவேண்டும். ஆறு மட்டும் கட்டளைக்கு அடங்கவில்லை. ஆகவே அதில் மிதக்கிற ஓடங்களைக் கட்டிப்போட்டார்கள். நாற்பது ஓடக்காரர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. நாம் நிறுத்திய லட்சணத்தால் இத்தனை பேர் பட்டினியா என்று செவ்வந்தியான் குமுறினான். பொறுக்கமுடியாமல் சபைக்கே போய்விட்டான்.

"மகாராஜா, பாயசத்தைக் கொட்டியது வேகம் இல்லை. வேகம் திடீரென்று மாறியதுதான் கொட்டியது."

"வாய்க்கொழுப்பைப் பாருங்கள்!" என்று சீறினார் வீரகண்டர். "என் பல்லக்கு நத்தை மாதிரி போகும். ஒரு சொட்டுச் சிந்தாது. போட்டிக்கு வருகிறாயா?"

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆளுக்கு ஒரு கிண்ணம், விளிம்புவரை பாயசம். ஓடத்தில் சிந்தினால் அத்தனை ஓடங்களும் அரண்மனை அடுப்புக்கு விறகு!"

தோற்றால் நாற்பது குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும் என்று செவ்வந்தியானுக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினான்.

முதலில் பல்லக்கு. வீரகண்டரே கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "புறப்படு!" என்று அதட்டினார். பல்லக்கு வெடுக்கென்று கிளம்ப, பாயசம் வயிற்றில் சிந்தியது. தெருமூலையில் திரும்ப, பக்கவாட்டில் சிந்தியது. "நில்!" என்றதும் முழங்காலில் சிந்தியது.

"மூலையில் வேகம் மாறவே இல்லையே! அதே நத்தை நடைதானே?" என்று அலறினார் வீரகண்டர்.

"வேகம் மாறவில்லை ஐயா, திசை மாறிற்று" என்றான் செவ்வந்தியான். "கிழக்கே போய்க்கொண்டிருக்கிற பாயசத்தைத் தெற்கே வா என்று சடக்கென்று இழுத்தால் வருமா? எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். எந்தப் பக்கம் என்றும் கேட்கவேண்டும்."

அடுத்து ஓடம். நடுவில் மூங்கில் கூண்டு, நாலு பக்கமும் திரை. உள்ளே கிண்ணத்தோடு ராஜா, சாட்சிக்கு வீரகண்டர். அந்த ஓடக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கயிற்றை ஒரேயடியாக அவிழ்க்கமாட்டார்கள். கரைக்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி நழுவவிடுவார்கள். முதலில் விரல் விரலாக, பிறகு சாண் சாணாக, பிறகு முழம் முழமாக. ஓடத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியாமல் கூடிக்கொண்டே போகும். கயிறு முழுக்கக் கழன்றபோது ஓடம் ஆற்றின் வேகத்துக்கே பாய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே ராஜா கொட்டாவி விட்டார். "எப்போதப்பா புறப்படுவாய்?"

"போய்க்கொண்டுதான் இருக்கிறோம், மகாராஜா."

"பச்சைப் பொய்!" என்று துள்ளினார் வீரகண்டர். "கிண்ணத்தில் அசைவே இல்லை. ஓடம் துறையிலேயே கிடக்கிறது. இதோ, படியில் இறங்கியே காட்டுகிறேன்!"

ராஜாவுக்கு முதுகு காட்டக்கூடாது என்பது சபை மரியாதை. ஆகவே அவர் கும்பிட்டபடியே பின்பக்கமாக நடந்து, திரையைத் தாண்டி, படி இருக்கும் என்று நம்பி ஒரு காலை வைத்தார்.

தொபுக்கடீர்!

ராஜா திரையை விலக்கிப் பார்த்தார். கரை மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. அரண்மனைக் கோபுரம் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தது. "நிறுத்து! உடனே நிறுத்து!" என்று கத்தினார்.

செவ்வந்தியான் வீரகண்டரிடம் ஒரு கயிற்றை வீசினான். அவர் அதைப் பற்றிக்கொண்டு ஓடத்தோடு இழுபட்டு வந்தார். பிறகு செவ்வந்தியான் ராஜாவைப் பார்த்தான். அன்று இதே சொல்லுக்குக் கீழ்ப்படிந்துதான் குடி கெட்டது. இன்று கீழ்ப்படியாவிட்டால் தலை போகும்.

"மாட்டேன், மகாராஜா."

"என்ன சொன்னாய்?"

"உடனே நிறுத்தமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறேன். பிறகு தலையை வாங்குவதானால் வாங்கிக்கொள்ளுங்கள்."

அடுத்த துறையில் காத்திருந்த அவன் ஆட்கள், ஓடத்திலிருந்து அவன் வீசிய இன்னொரு கயிற்றைப் பிடித்து மரத்தில் சுற்றினார்கள். முழம் சாணாயிற்று, சாண் விரலாயிற்று. ஓடம் நின்றது. கிண்ணத்தில் ஒரு சொட்டுக் குறையவில்லை.

ராஜா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அன்றைக்குப் பாயசத்தைக் கொட்டியது நீயில்லை, செவ்வந்தியான். நான்தான்" என்றார்.

சொட்டச் சொட்ட நின்ற வீரகண்டர், "மகாராஜா, ஆனாலும் அவன் தங்கள் கட்டளையை மீறி..." என்று இழுத்தார்.

"நீர் இனி ஓராண்டு இந்தத் துறையில் கயிறு நழுவவிடும். கை பழகினால் புத்தியும் பழகும்" என்றார் ராஜா. பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியான் கழுத்தில் போட்டார். "ஓடங்களை அவிழ்த்துவிடச் சொல்கிறேன். ஆனால் என் கட்டளைகள் இனி திடீரென்று வராது. நிதானமாக, நாலு நாள் யோசித்து..."

"ஐயோ, மகாராஜா!" என்று கை கூப்பினான் செவ்வந்தியான். "இதை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள்."