செம்பியின் வால்

ஒரு காட்டில், ஓடைக்கரை ஆலமரத்தின் அடியில் பச்சிலை வைத்தியக் கல்லூரி ஒன்று இருந்தது. எந்த இலை மருந்து, எந்த இலை விஷம் என்று மோந்தே கண்டுபிடிக்க அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். பேராசிரியர் ஒரு கரடி. அவருக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு.

அங்கே சேந்தன் என்றொரு கீரி படித்தான். கீரி என்றால் கேட்கவா வேண்டும்? பாம்பையே பந்தாடுகிற பரம்பரை! "எங்கள் சேந்தனுக்குப் பச்சிலையைச் சொல்லியா கொடுக்கணும்? அது அவன் ரத்தத்திலேயே ஊறினது" என்று அவன் அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள். பாவம், சேந்தனும் அதை நம்பிவிட்டான். மற்றவர்கள் மூக்குச் சிவக்க இலைகளை மோந்துகொண்டிருந்தபோது, இவன் ஓடையில் தவளை பிடித்துக்கொண்டிருந்தான்.

பரீட்சை நெருங்கியதும் சேந்தன் யாருக்கும் தெரியாமல் நஞ்சுமுறி இலையையும் பொய்முறி இலையையும் கிள்ளி மோந்து பார்த்தான். நஞ்சுமுறி பாம்பு விஷத்தை இறக்கும். பொய்முறி பார்வைக்கு அச்சு அசல் அதைப் போலவே இருக்கும். ஆனால் விஷத்தை இன்னும் ஏற்றிவிடும். சேந்தனின் மூக்குக்கோ இரண்டும் வெறும் இலை.

செம்பியிடம் கேட்டிருக்கலாம். செம்பி என்பவள் ஒரு மலையணில். வகுப்பிலேயே கெட்டிக்காரி, அவனுடைய உயிர்த்தோழியும்கூட. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? "அட, கீரிக்கா தெரியாது?" என்று அவள் சிரித்துவிட்டால்?

கேட்காமலேயே பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தான்.

எல்லோருக்கும் கண்ணைக் கட்டினார்கள். எல்லோர் முன்னாலும் ஒரே இலைகளை ஒரே வரிசையில் வைத்துக்கொண்டே வந்தார் கரடி. மருந்தானால் வலப்பக்கம் தள்ள வேண்டும், விஷமானால் இடப்பக்கம். சேந்தனுக்கு முன்னால் செம்பி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நீண்ட வால் அவன் கால்மேல் கிடந்தது. அவள் இலையை வலப்பக்கம் தள்ளினால் வால் வலக்காலில் உரசியது. இடப்பக்கம் தள்ளினால் இடக்காலில் உரசியது.

முதலில் சேந்தன் காலை நகர்த்திக்கொள்ளத்தான் நினைத்தான். 'நானா அவள் வாலைப் பிடித்து இழுத்தேன்? அதுவாகத்தானே உரசுகிறது! இந்த ஒரு தடவைதான். அப்புறம் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்துக்கொள்வேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கால் நகரவே இல்லை.

செம்பியும் சேந்தனும் முதலிடம்! கரடி இருவர் கழுத்திலும் வைத்தியர் மாலை போட்டார். சேந்தனின் அம்மா ஆனந்தத்தில் அழுதே விட்டாள். பொருவன் என்ற முள்ளம்பன்றி மட்டும் நஞ்சுமுறியை இடப்பக்கம் தள்ளித் தோற்றுப் போனான். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சேந்தன்.

அன்றிலிருந்து யாராவது "வைத்தியரே!" என்று கூப்பிட்டால் அவனுக்கு உடம்பு கூசியது. அப்புறம் படிப்பதாகச் சொன்னானே, படித்தானா? அதுதான் இல்லை. வைத்தியர் ஒருவர் கரையில் நின்று இலையை மோந்து பழகினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

தேறிய மற்றவர்களெல்லாம் வைத்தியம் பார்க்க வேறு காடுகளுக்குப் போய்விட்டார்கள். கரடியும் தேனெடுக்க அடுத்த மலைக்குப் போயிருந்த ஒரு நாள், "ஐயோ! செம்பியைப் பாம்பு கடித்துவிட்டது!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தது ஒரு மைனா.

செம்பி ஓடைக்கரையில் வாயில் நுரை தள்ளக் கிடந்தாள். சுற்றிலும் ஒரே கூட்டம். சேந்தனைக் கண்டதும் எல்லோரும் வழிவிட்டார்கள்.

"இனிப் பயமில்லை, என் பிள்ளை வந்துவிட்டான்!" என்றாள் அவன் அம்மா.

கரையில் நஞ்சுமுறியும் பொய்முறியும் பின்னிப் பிணைந்து வளர்ந்திருந்தன. சேந்தன் இரண்டிலும் ஓர் இலை கிள்ளினான். மோந்தான். மறுபடி மோந்தான். இரண்டும் வெறும் இலை. அவன் கண்கள் பழக்கதோஷத்தில் செம்பியின் வாலைத் தேடின.

வால் அசையவில்லை.

'ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடு. சரியாகிவிட்டால் உன் மானம் தப்பிக்கும்' என்றது அவன் மனம். அவன் கை ஓர் இலையோடு அவள் வாயருகே போயும் விட்டது. சீ, என்ன பிழைப்பு இது! இலையைக் கீழே நழுவவிட்டான்.

"எனக்குத் தெரியாது! எனக்கு ஒன்றுமே தெரியாது! பரீட்சையில் செம்பியின் வால் உரசின பக்கமெல்லாம் நான் இலையைத் தள்ளினேன். யாருக்காவது தெரிந்தால் சீக்கிரம் வாருங்களேன்!" என்று கதறினான்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொருவன் வந்தான். கீழே கிடந்த இலையை மோந்து பார்த்துத் தூர எறிந்தான். கரையிலிருந்து வேறோர் இலையைக் கிள்ளிக் கசக்கிச் செம்பியின் வாயில் பிழிந்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ தோற்றவன் ஆயிற்றே!" என்றது மைனா.

"தோற்றதால்தான் தெரியும். அன்றிலிருந்து தினமும் இங்கே வந்து இந்த இரண்டையும்தான் மோந்துகொண்டிருக்கிறேன்" என்றான் பொருவன்.

பொழுது சாயும் நேரத்தில் செம்பி கண் விழித்தாள். சேந்தனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"நீதானே காப்பாற்றினாய், சேந்தா?"

"இல்லை, செம்பி. பொருவன்" என்றான் சேந்தன். பிறகு பரீட்சையில் நடந்ததையும், கையிலிருந்து விழுந்த இலையையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

செம்பி அவன் கால்மேல் கிடந்த வாலை மெதுவாக இழுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

சேந்தன் மாலையைக் கழற்றிக் கரடியின் குகை வாசலில் வைத்தான். மறுநாள் கல்லூரி திறந்தபோது, முன்னால் யாருமே இல்லாத முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான்.

நீதி: பிறர் அறிவைத் திருடி வாங்கிய பட்டம், நம்மை நம்பி வந்தவரின் உயிரைக் காக்காது.