யானை ஏறிய வழி

முன்னொரு காலத்தில், ஊர்பேர் சொன்னால் இன்று யாருக்கும் தெரியாத ஒரு நாட்டை விசயபூபதி என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்துவிட்டால் மாலைக்குள் அதற்கு வேலை தொடங்கியாக வேண்டும். ஒருநாள் அவருக்கு, நீதி என்றால் அது உயரத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கோட்டைக்குள் இருந்த பாறைக் குன்றின் உச்சியில் ஒரு நீதிமண்டபம் எழும்பியது. அதற்கு எழுபத்திரண்டு படிகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்.

கட்டியவர் பிரதானி விடங்கர். நிர்வாகத்தில் மன்னருக்கு அடுத்தவர். மண்டபத்துக்குச் சட்டம் எழுதியவரும் அவரே. குறை உள்ளவர் தாமே மேலே வந்து சொல்ல வேண்டும், அவருக்காக வேறு எவரும் பேசக்கூடாது. மன்னர் முன்னால் ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி வருவது மரியாதைக் குறைவு என்பதால், யாரையும் தூக்கியும் வரக்கூடாது. குறித்த நாளில் வராதவரின் வழக்கு தள்ளுபடி.

அந்த நகரில் செங்கமலம் என்றொரு பாய்க்காரி இருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்கள் நடக்க உதவவில்லை. நாலு மரச்சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளிக்கொண்டு சந்தைக்கும் ஆற்றங்கரைக்கும் போய்வருவாள். ஆற்றோரம் விளையும் கோரைதான் பாய் நெய்பவர்களுக்குப் பிழைப்பு. அந்தக் கோரைக்காட்டைப் பிரதானியின் மைத்துனன் திடீரென்று வேலிபோட்டு வளைத்துக்கொண்டான். பன்னிரண்டு குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. பிரதானிக்குப் பயந்து மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. செங்கமலம் மட்டும் தன் பெயரில் வழக்குத் தொடுத்தாள். ஆவணிப் பௌர்ணமியன்று விசாரணை என்று ஓலை வந்தது.

ஓலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் குன்றின் அடியில் உட்கார்ந்திருந்தபோது, அரசவை விகடகவி கூத்தபிரான் அந்தப் பக்கம் வந்தார்.

"என்னம்மா, படிகளை எண்ணுகிறாயா?"

"எண்ணி என்னங்க பண்றது? ஒரே ஒரு படி இருந்தாலும் எனக்கு எழுபத்திரண்டு மாதிரிதான்" என்றாள் செங்கமலம். "என்னைத் தூக்கச் சொல்லலீங்க. தூக்கிட்டுப் போனா, அவங்க இறக்கிவிட்டாத்தான் நான் வர முடியும். நானா போற மாதிரி ஒரு வழி இருந்தாப் போதும்."

அடுத்த நாளே கூத்தபிரான் இதை அவையில் சொன்னார். மன்னர் பதில் சொல்வதற்குள் பிரதானி முந்திக்கொண்டார்.

"அரசே! நீதி கீழே இறங்கலாகாது என்பது தங்கள் திருவாக்கு. அவ்வளவு கவலையென்றால் விகடகவியே அவளை மேலே வரவழைக்கட்டும். ஆனால் படியில் ஒரு கல்லையும் தொடக்கூடாது. எவரும் அவளைத் தூக்கவோ இழுக்கவோ கூடாது. அரண்மனைக் கொத்தர் ஒருவரையும் இவர் அழைக்கக்கூடாது. முடியாவிட்டால் அவையைவிட்டு வெளியேறட்டும்!"

மன்னருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "சம்மதமா, கூத்தபிரான்?"

"சம்மதம், அரசே" என்று சொல்லிவிட்டாரே தவிர, கூத்தபிரானுக்கு வழி ஒன்றும் புலப்படவில்லை. மூன்று நாள் குன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அரண்மனைக் குளக்கரையில் போய் உட்கார்ந்தார். குளித்து முடித்த பட்டத்து யானை கரைச்சரிவில் அசைந்து அசைந்து ஏறி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து, ஒரு தார் வாழைப்பழம் வாங்கிவந்து யானைக்குக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் அவையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன துக்கம்?" என்று மன்னர் கேட்டார்.

"ஒன்றுமில்லை, அரசே. அண்டை நாட்டார் பேசுகிறார்கள். பட்டத்து யானையின் காலடி படாத மண்டபமும் ஒரு மண்டபமா என்கிறார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தக் குன்றின்மேல் யானை ஏறுவது நடக்கிற காரியமா? நம் பிரதானியாலேயே முடியாதே!"

மன்னருக்கு ஆசை வந்துவிட்டது. பிரதானிக்கு ரோசம் வந்துவிட்டது.

"யார் சொன்னது முடியாதென்று? ஆவணிப் பௌர்ணமியன்று மன்னர் யானைமேல் அமர்ந்தே மண்டபத்துக்குள் நுழைவார்!" என்று பிரதானி முழங்கினார்.

அறுநூறு கொத்தர்கள் இரண்டு மாதம் உழைத்தார்கள். குன்றைச் சுற்றி வளைந்தேறும் அகலமான கல்பாதை உருவாயிற்று. படி ஒன்றுகூட இல்லை. பௌர்ணமியன்று மேளதாளத்தோடு யானை ஏறியது. யானைமேல் மன்னர் மண்டபத்துக்கே போய் இறங்கினார். பிரதானி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

விசாரணை தொடங்கியது. "கோரைக்காட்டு வழக்கு! மனுதாரர் செங்கமலம் வந்திருக்கிறாரா?" என்று சேவகன் கூவினான். பதில் இல்லை. இரண்டாம் முறையும் கூவினான். பிரதானி கூத்தபிரானைப் பார்த்துப் புன்னகைத்தார். கூத்தபிரான் வாசலையே எட்டி எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் முறை சேவகன் வாயைத் திறக்கும்போது வெளியே கடகடவென்று சத்தம். வியர்வை சொட்டச் சொட்ட, உள்ளங்கை இரண்டும் சிவந்துபோய், செங்கமலம் மண்டபத்துக்குள் வந்து சேர்ந்தாள்.

"வந்துட்டேனுங்க" என்றாள்.

"அரசே! அது யானைக்காகக் கட்டிய வழி!" என்று பிரதானி அலறினார்.

கூத்தபிரான் கைகூப்பினார். "அரசே, படியில் ஒரு கல்லையும் தொடவில்லை. இவளை யாரும் தூக்கவில்லை, இழுக்கவில்லை. கொத்தர்களை நான் அழைக்கவில்லை, பிரதானிதான் அழைத்தார். இனி அந்த வழி யானைக்கு மட்டும்தான் என்றால், மனிதர் யாருமே அதில் போய்வரக்கூடாது. தாங்கள் எப்படித் திரும்பிப் போவீர்கள் என்பதுதான் என் கவலை."

மன்னர் சிரித்த சிரிப்பில் யானையே திரும்பிப் பார்த்தது.

வழக்கு அரை நாழிகையில் முடிந்தது. வேலியைப் பிடுங்கிப் போடும்படியும், கோரைக்காடு ஊர்ப்பொது என்றும் தீர்ப்பாயிற்று. பிரதானியின் மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு படி வழியே இறங்கிப் போனான்.

"வேறு ஏதும் சொல்ல வேண்டுமா அம்மா?" என்று மன்னர் கேட்டார்.

"சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது ராசா. வழி யானைக் காலுக்குக் கட்டினது, எனக்கு ரொம்பச் செங்குத்து. மூணு எடத்துல பலகை பின்னாடி உருண்டிருச்சு. இன்னும் ரெண்டு சுத்து கூடச் சுத்திவிட்டா சரிவு தணியும். நடுவுல மூச்சு வாங்கச் சமதரை வேணும். ஓரத்துல கைப்பிடி வெச்சா, கண்ணு தெரியாதவங்களும் அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துருவாங்க."

மன்னர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பாதையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தாள். ஒருவன் தண்ணீர்ப் பீப்பாயை உருட்டி வந்தான். அவர்களுக்குப் பின்னால், மூன்று மாதமாகக் காய்ச்சல் என்று சொல்லி அவைக்கே வராத கிழத் தளபதி வந்துகொண்டிருந்தார்.

"தளபதியாரே, காய்ச்சல் விட்டதா?"

"அது முழங்காலில் இருந்த காய்ச்சல், அரசே. படி இல்லையென்றதும் விட்டுவிட்டது!"

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். பிறகு செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். "இனி இந்த நாட்டில் எந்தப் பொதுக் கட்டடம் எழும்பினாலும், நீ போய்வந்து சரியென்று சொன்ன பிறகே திறக்கப்படும். அதற்கு மாதச் சம்பளமும் உண்டு. பிரதானி உன்னிடம் கேட்டுக் கேட்டுக் கட்டுவார்."

பிரதானி வேறு வழியின்றித் தலையாட்டினார்.

செங்கமலம் சற்று யோசித்தாள். "அப்படீன்னா முதல்ல உங்க அரண்மனையிலேருந்தே ஆரம்பிக்கலாங்களா ராசா? வாசல்ல ஒன்பது படி இருக்குதே."

மன்னர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் பொழுது விடிந்தபோது அரண்மனை வாசலில் கொத்தர்கள் கல்லிறக்கிக்கொண்டிருந்தார்கள். சரிவு எங்கே தொடங்க வேண்டும் என்று செங்கமலம் கைநீட்டிக் காட்ட, பிரதானி விடங்கர் குனிந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.