கிளாஸை விடாத கை

பக்கவாதம் கையில் வருகிறது என்று நாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. படித்தவர்களும் இதைப் பரப்பி வருவதால், மிகுந்த வருத்தத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது. பக்கவாதம் தலைக்குள் வருகிறது. கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குச் சேதி வருவதுதான் நின்றுபோகிறது.

அப்படிப்பட்ட கையால் எதையும் பிடிக்க முடியாது என்பது இன்னொரு நம்பிக்கை. சங்கிலிக்கருப்பனின் வலது கை எதை வைத்தாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதற்கு விடத்தான் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் மனைவி பஞ்சவர்ணம் விரல் விரலாகப் பிரித்து எடுப்பார்.

திண்டுக்கல்லில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் சங்கிலிக்கருப்பன். ஊருக்கே மாஸ்டர். இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது பஞ்சவர்ணத்தின் தம்பி.

"ஆவணி பொறந்தா கடைய என் பேருக்கு மாத்திக்கிடுறேன் மச்சான்," என்றான் அவன். "இடது கையால டீய நீட்டினா எவன் வாங்குவான்? காலையில மொத போணி வேற."



பிசியோதெரபிக்காக மாஸ்டர் போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தவள் ஜெனோவா. அவருக்கு மகள் வயது. அவருடைய முன்கையில் இரண்டு பட்டைகளை ஒட்டி, லேசாக மின்சாரம் பாய்ச்சும் மெஷினைத் திருகினாள். தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. மூடியிருந்த விரல்கள் பூப்போல விரிந்தன.

"இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடுங்க டாக்டரம்மா."

"லைட் போதும் மாஸ்டர்."

அதிலிருந்து தினமும் வந்தார். கை மெஷினில் இருக்கும். வாய் பஞ்சவர்ணத்திடம் மச்சினனைத் திட்டிக்கொண்டிருக்கும். கை தன்பாட்டுக்குத் திறந்து திறந்து மூடும். வீட்டுக்குப் போனால் பழைய முஷ்டிதான்.

ஆடி பிறந்தது. மாஸ்டருக்குப் பொறுமை போயிற்று.

"மெஷினை வெச்சா திறக்குது, எடுத்தா மூடிக்குது. இது எப்பத்தான் தானா திறக்கும்?"

 ஜெனோவா, சம்மதம் கேட்டு, பட்டைகளைப் பஞ்சவர்ணத்தின் கையில் ஒட்டினாள். அந்தக் கையில் ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கொடுத்தாள். மெஷினைத் திருகினாள். தம்ளர் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது.

"ஏங்க்கா கீழ போட்டீங்க?"

"ஆத்தாடி, நான் எங்க போட்டேன்? அதுவா விழுந்துச்சு!"

"அக்கா போடலையாம் மாஸ்டர்."

"கரண்டு திறந்துச்சு. அவ என்ன பண்ணுவா?"

"உங்க கை திறந்தப்பல்லாம் நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கனதான் இருந்தேன்."

"நீங்க உங்க மச்சினன்கிட்ட இருந்தீங்க," என்றாள் ஜெனோவா.



பட்டைகளை மறுபடி மாஸ்டரின் வலது கையில் ஒட்டி, மெஷினின் பொத்தானை அவருடைய இடது கையில் கொடுத்தாள். "மொதல்ல நீங்க திறக்கப் பாருங்க. அப்புறமா பொத்தானை அமுக்குங்க. முன்னாடி அமுக்கக் கூடாது."

"திறக்க வந்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

"வராட்டியும் திறக்கப் பாருங்க."

மாஸ்டர் முயன்றார். நெற்றி வியர்த்தது, கை அசையவில்லை. அமுக்கினார். விரிந்தது. மறுபடி முயன்றார். உதவிக்கு நீண்ட பஞ்சவர்ணத்தின் கைகளை ஜெனோவா ஒரு பார்வையால் திருப்பி அனுப்பினாள். ஆடி முழுக்க இதே வேலை. மச்சினனைப் பற்றிய பேச்சு அந்த அறையில் அடியோடு நின்றது.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் ஜெனோவா மெஷினை வெளியே எடுக்கவே இல்லை.

"ஒரு டீ போடுங்க மாஸ்டர். உள்ள அடுப்பு இருக்கு. அக்கா, நீங்க உக்காருங்க."

இடது கையாலேயே பாலைக் காய்ச்சி, டிக்காஷன் இறக்கி, பாதி கிளாஸ் டீ போட்டார். ஜெனோவா கிளாஸைத் தொட்டுச் சூடு பார்த்தாள். பிறகு அதை அவருடைய வலது கைக்குள் பொருத்தினாள். கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"குடுங்க."

நீட்டினார். அவள் கிளாஸைப் பிடித்தாள். கை விடவில்லை.

பஞ்சவர்ணம் எழுந்தார். "உக்காருங்கக்கா."

"டீ ஆறிப்போவுதே!"

"ஆறட்டும்."

ஜெனோவா இழுக்கவில்லை.  டீயின் மேல் ஆடை படிந்தது. சுண்டுவிரல் முதலில் நெகிழ்ந்தது. அடுத்தது யோசித்தது, நெகிழ்ந்தது. கட்டைவிரல்தான் கடைசி.

கிளாஸ் அவள் கைக்குப் போயிற்று.

மாஸ்டர் தன் வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"டாக்டரம்மா, இப்ப திறந்தது நானா? இல்ல இத்தனை நாள் வெச்ச மெஷினா?"

ஜெனோவா ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை கம்மி மாஸ்டர்."

ஆவணியிலும் கடை அவர் பேரிலேயே இருந்தது. அங்கே மாஸ்டரே வலது கையால் நீட்டும் டீ கொஞ்சம் ஆறித்தான் கிடைக்கிறது.