கயிறு பிடித்த நீலச்சடையன்

அந்தக் காலத்தில், செடிகொடிகள் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்தபோது, மேற்கு மலை உச்சியில், பாறை விளிம்பை ஒட்டி ஒரு கஞ்சாச் செடி தன்னந்தனியாக நின்றது. அதன் இலை அப்போது வெற்றிலை போல முழுசாக, வழவழவென்று இருக்கும். பேச்சுத் துணைக்குப் பக்கத்தில் ஒரு புல்கூடக் கிடையாது. மூடுபனி வரும், போகும். ஒரு வார்த்தை விசாரிக்காது. தனிமை செடியைத் தின்றுகொண்டிருந்தது.

ஒருநாள் கெம்பன் என்ற தேனெடுப்பவன் கொடிக்கயிற்றோடு வந்து விளிம்பில் உட்கார்ந்து அழுதான்.

"ஏம்ப்பா அழுவுற?" என்றது செடி.

"கீழூருப் பொண்ணு மாசியைக் கட்டணும்னா இந்தப் பாறைத் தேனைக் கொண்டாங்கறாங்க. நான் இறங்கணும்னா மேல நின்னு கயிறு பிடிக்க மச்சான் வேணும். தங்கச்சி தாலிக்குப் பயந்து அவன்தான் கயிற விடமாட்டான். பொண்டாட்டியே இல்லாதவன் மச்சானுக்கு எங்க போவேன்?"

"நான் பிடிக்கிறேன்."

"நீயா? உனக்குத் தங்கச்சி இருக்காளா?"

"எனக்கு யாருமே இல்ல. மச்சான்னு ஒரு தடவ கூப்பிடேன், போதும்."

கெம்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மச்சான்!" என்றான். செடிக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் 'விடு மச்சான்'னு சொல்ற வரைக்கும் விடக்கூடாது. அதான் மலை வழக்கம்" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான்.

பிடிக்க விரல் வேண்டுமே! செடி தன் இலைகளைத் தானே கிழித்து விரலாக்கிக்கொண்டது. கயிறு வழுக்கியது. மேலெல்லாம் பிசினைக் கசியவிட்டு இறுக்கிப் பிடித்தது. வலியில் உயிரே போவது போலிருந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

கெம்பன் குடுவை நிறையத் தேனெடுத்தான். அங்கிருந்து பார்த்தால் கீழூர் கூப்பிடு தூரம். மாசி வீட்டு அடுப்புப் புகைகூடத் தெரிந்தது. இனி மேலே ஏறுவானேன்? இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான், சரிவில் சறுக்கி ஓடியே போய்விட்டான்.

மேலே கயிறு இலேசாயிற்று. செடி விடவில்லை. அவன் இன்னும் சொல்லவில்லையே!

சில நாளில் கீழே கல்யாண மேளம் கேட்டது. செடி எட்டிப் பார்த்துக் கூப்பிட்டது: "மாப்பிள்ளே! விட்டுடட்டுமா?"

பந்தலில் மாசி நிமிர்ந்தாள். "மேல யாரோ கூப்பிடறாங்களே?"

கெம்பனுக்குக் குரல் தெரிந்தது. பக்கத்தில் மாசியின் அண்ணன், அசல் மச்சான், மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். செடியைப் போய் உறவு சொன்னேன் என்றால் ஊர் சிரிக்காதா?

"அது காத்து" என்றான் கெம்பன்.

செடி அதையும் கேட்டது. அதற்குப் பிறகு அது யாரோடும் பேசவில்லை. இரண்டு கையும் கயிற்றில் இருக்க, தலை வாரிக்கொள்ளவா முடியும்? முடி சடை பிடித்தது, பனி படிந்து படிந்து நீலம் பாய்ந்தது. நீலச்சடையன் என்று மலையே பெயர் வைத்தது.

கயிறு மக்கி உதிர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அன்று முதல்தான் கஞ்சா இலை விரித்த கை போல இருக்கிறது, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. 'விடு' என்று சொல்ல வேண்டியவன் சொல்லாமலே போனதால், கைக்கு அகப்பட்டவர் யாராக இருந்தாலும் அது விடுவதில்லை.