நாரைக்கால் உயரம்

மனுசர் கால் படாத காடு ஒன்று இருந்ததாம், ஒரு காலத்திலே. அந்தக் காட்டில் ஒரே கரைக்கு இந்தப்பக்கம் ஒரு குளம், அந்தப்பக்கம் ஒரு குளம். இரண்டிலும் நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன.

தின்ற மீனின் முள்ளை எல்லாம் அவை கரையில் குவித்து வைக்கும். கோடையில் ஒரு நாரை வந்து குவியலுக்குப் பக்கத்தில் நிற்கும். தன் காலை வைத்து உயரம் சொல்லும். எந்தக் குவியல் உயரமோ, அந்தக் குளம்தான் பெரிய குளம். மழையில் குவியல் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

மேலைக் குளத்துத் தலைவன் கருமூக்கன். அவன் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் குவியல் நாரையின் கணுக்காலைத் தாண்டியதில்லை. கீழைக் குளத்துக் குவியலோ முழங்காலைத் தொடும்.

"என்ன மாப்பிள்ளை, உங்க குளத்து மீனெல்லாம் முள் இல்லாமலே பிறக்குதோ?" கீழைக் குளத்துத் தலைவன் தடியன் கரைமேல் நின்று கேட்பான். அவன் கூட்டமே சிரிக்கும். கருமூக்கனுக்கு அன்றைக்கு இரை இறங்காது.

"பசிக்குதோ இல்லையோ, பிடி! கடி! முள்ளைப் போடு!" என்று ஒருநாள் கருமூக்கன் தன் கூட்டத்துக்கு ஆணையிட்டான்.

மறு கோடையில் குவியல் முழங்கால்வரை வந்தது. ஆனால் கீழைக் குளத்துக் குவியல் அதற்கும் மேலே ஏறியிருந்தது. தடியன் மறுபடி சிரித்தான்.

மேலைக் குளத்தின் நடுவே ஆழமான மடு ஒன்று உண்டு. தண்ணீர் வற்றும்போது சினை விரால்கள் அங்கேதான் ஒதுங்கும். எந்த நீர்நாயும் அங்கே வாய் வைத்ததில்லை. அடுத்த கோடையில் கருமூக்கன் மடுவைப் பார்த்தான்.

அவன் தங்கை செம்பி நிறைமாதமாக இருந்தாள். குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, அது அடுத்த வருசத்து மீன்!"

"அதை அடுத்த வருசம் பார்ப்போம்! நாரை நாளைக்கு வருது!"

"பிறக்கப்போற பிள்ளைங்க எதைத் தின்னும்?"

"தோத்த குளத்திலயா பிறக்கணும் உன் பிள்ளைங்க? தள்ளு!"

அவளை இடித்துக்கொண்டு மடுவில் பாய்ந்தான். கூட்டமும் பாய்ந்தது. வயிறு நிறைந்த பின்னும் கடித்துக் குதறி முள்ளை உருவிப் போட்டார்கள்.

நாரை வந்து நின்றது. குவியலுக்குப் பின்னால் காலே தெரியவில்லை!

"மேலைக் குளமே பெரிய குளம்!"

தடியன் தலை குனிந்தான். கருமூக்கன் குவியலின் உச்சியில் ஏறிச் சீழ்க்கை அடித்தான்.

செம்பி மட்டும் கேட்டாள்: "நாரையாரே, குளத்துக்குள்ளே எட்டிப் பார்த்தீங்களா?"

"குவியலை அளக்கிறதுதான் என் வேலை, அம்மா. குளத்தை இல்லை."

மழை வந்தது. குவியல் போனது. குளம் நிறைந்தது. ஆனால் தண்ணீர்மேல் செக்கச்செவேலென்று திரளும் விரால் குஞ்சுகள் வரவே இல்லை. கருமூக்கன் நாளெல்லாம் முங்கினான்; வாயில் சேறுதான் வந்தது. செம்பியின் குட்டிகள் வற்றிய மடியைச் சப்பின. கரை தாண்டிப் போய் அவன் கையேந்தினான்.

"பெரிய குளத்துக்காரருக்கு நாங்க போய்க் கொடுக்கிறதா!" என்று தடியன் பல்லைக் காட்டி விரட்டினான்.

கோடையில் நாரை வந்தது. குவியல் எங்கே என்று தேடியது.

செம்பி தனக்கு மிஞ்சியிருந்த கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தாள். நாரையின் காலடியில் கிடத்தினாள். அது அசையவில்லை.

"இதையும் சேர்த்து அளங்க."

"மீன் முள் மட்டும்தான் கணக்கு, அம்மா." நாரை பறந்து போனது.

செம்பி அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. காட்டுக்குள் நடந்தாள். கூட்டம் ஒவ்வொன்றாக அவள் பின்னால் போனது. கருமூக்கன் அந்தச் சின்ன உடம்பின்மேல் மண்ணைத் தள்ளி மூடினான். மண் சிறு மேடாக நின்றது. நாரையின் கணுக்கால் உயரம்கூட இல்லை. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவனும் நடந்தான்.

பக்கத்து நாட்டைவிட அதிக வரவு காட்டுவதற்காக விதையையும் வரவில் சேர்க்கும் நாடு, தன் பிள்ளைகளின் பங்கைத்தான் தின்கிறது.